பாஸ்போர்ட்டுக்குப் பொட்டு வைத்த கதை

என் பாஸ்போர்ட்டுக்கு அம்மா பொட்டு வைத்தாள். இதை எரிச்சல் இல்லாமல் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. அட்டையில் வைத்திருந்தாலாவது போகிறது என்று விட்டிருப்பேன். உள்ளே இருந்த புகைப்படத்தில், என் நெற்றியில் வைத்தாள்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது மாமா, அம்மாவின் தம்பி. ஆழ்வார்பேட்டையில் ஏ.சி. மாட்டிக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் உறவில் அவரை எல்லாரும் இன்ஜினியர் என்றே சொல்வார்கள். அவரும் ஒருநாளும் மறுத்ததில்லை. நான் பிளஸ் ஒன் சேர்ந்த மாதம், மந்தைவெளியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவர் ஒரு செய்தியோடு வந்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் சொல்லித்தரும் கணக்குப் பாடத்தைப் பள்ளியில் படிக்கும்போதே பரீட்சையாக எழுதிவிடலாமாம். நல்ல மதிப்பெண் வந்தால் கிரெடிட் கொடுத்துவிடுவார்களாம். பிறகு கல்லூரிக்குப் போனால் அந்தப் பேப்பரே கிடையாதாம்.

"ஒரு பேப்பர் எப்பவும் கைல முடிஞ்சு இருக்கணும்டீ. பின்னாடி நிக்கப்படாது, முன்னாடி நிக்கணும்" என்றார்.

நான் அமெரிக்கா போகப்போவதாக யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, எழுதினால் என்ன, அறிவுதானே என்றார். அதோடு என் ஒரு வருடம் போயிற்று. பள்ளிக்கூடப் பாடமே கழுத்து வரை இருந்தது. அதன் தலையில் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தோழிகள் கடற்கரைக்குப் போனபோது, தலையணை அளவு புத்தகத்தோடு நான் மின்விசிறிக்குக் கீழே கிடந்தேன். மாமா எதிரில் உட்கார்ந்து, வழி தவறும் இடத்தில் எல்லாம் "இங்கதான் எல்லாரும் கோட்டை விடுவா" என்று மட்டும் சொல்வார். சரியான வழி எது என்று கேட்டால் காபி வேண்டும் என்று எழுந்து போய்விடுவார்.

பரீட்சை வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான். தவறினால் அடுத்த வருடம் பிளஸ் டூ பொதுத்தேர்வு. அப்போது யார் இதை எழுதுவது? கிடைத்ததோ மே மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணி. தேதியைக் கேட்டதும் அம்மா நேராக நாட்காட்டியிடம் போனாள்.

"ஏழரைலேர்ந்து ஒம்போது ராகுகாலம். சரியா எட்டு மணிக்கா வெப்பா? அந்த ஊர்க்காராளுக்குப் பஞ்சாங்கமே கிடையாதா?"

நேரத்தை மாற்ற முடியாது என்று தெரிந்ததும் பரிகாரத்தில் இறங்கினாள். முதல் நாள் சாயங்காலம் பென்சில்கள், ரப்பர், கால்குலேட்டர், அடையாளத்துக்குக் காட்டவேண்டிய பாஸ்போர்ட் எல்லாம் தெருமுனைப் பிள்ளையாரின் காலடிக்குப் போய் வந்தன. வந்தவற்றுக்கு, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல நாலு மூலையிலும் மஞ்சள். கால்குலேட்டரின் எட்டாம் எண் மஞ்சளில் முங்கி, அழுத்தினால் மேலே வர மறுத்தது. அதைப் பல்குத்தும் குச்சியால் நோண்டிச் சரிசெய்த அவசரத்தில் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

காலையில் மாமா காரோடு வந்தபோது மணி ஐந்தரை. ஆறரைக்குக் கிளம்பினால் போதும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். கல்யாணத்துக்கே சாப்பாட்டுப் பந்திக்கு வந்து சேருகிற மனிதர், அன்று ஒரு மணி நேரம் முன்னால் வந்து கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். கையில் ஒரு நீலக் கோப்பு. என் ஆதார், பள்ளி அடையாள அட்டை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அம்மை ஊசி அட்டை வரை அசலாக உள்ளே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஐந்தைந்து நகல் வேறு. அம்மாவிடம் சொல்லி முந்தின நாளே பீரோவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். நான் பரீட்சைக்குப் போகிறேனா, நாடு கடத்தப்படுகிறேனா என்று கேட்டேன். மாமா சிரிக்கவில்லை.

மெட்ரோவுக்குத் தோண்டிய தெருக்களையெல்லாம் சுற்றிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் போனோம். அதைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்த ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில்தான் பரீட்சை. வழியில் பாஸ்போர்ட்டைத் திறந்தேன். புகைப்படம் எடுத்த அன்று நான் பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறையை அம்மா ஈரக் குங்குமத்தால் தீர்த்து வைத்திருந்தாள். பக்கத்தின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஓரத்தில் லேசாகக் கிளம்பியிருக்க, குங்குமம் அதன் வழியாக உள்ளே இறங்கி, நெற்றியிலிருந்து மூக்கு வரை ஒழுகியிருந்தது. கைக்குட்டையால் தேய்த்தேன். மேலே இருந்தது போயிற்று. உள்ளே இருந்தது கன்னத்துக்கும் பரவியது. போனில் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"பாழ் நெத்தியா இருந்துதுடீ, பாக்கவே சகிக்கலே" என்றாள்.

வாசலில் காவலாளி கையை ஆட்டினார். "இன்னா சார் நின்னுகினு கீறீங்க? எட்டு மணிக்கு டோர் மூடிருவாங்க. சீக்கிரம் உள்ள போங்க."

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு மேடம். காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பட்டி. பாஸ்போர்ட்டைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"இதைத் திருத்தியிருக்காங்க சார். இதை வச்சு நான் உள்ள விட முடியாது."

மாமா சளைக்கவில்லை. பொய் என்பது அவருக்குச் சட்டைப் பையில் சில்லறை போல. ஒருமுறை ஒருவழிப் பாதையில் காரை விட்டுவிட்டு, என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகப் போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டார். சிக்னல் தாண்டும் வரை நான் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தேன்.

"திருத்தலை மேடம். குழந்தைக்குப் பிறவியிலேயே நெத்தில ஒரு செவப்பு மச்சம்."

மேடம் என் நெற்றியைப் பார்த்தார். அங்கே வியர்வை மட்டும்தான் இருந்தது.

"ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு" என்றார் மாமா.

எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. அடுத்து, பாஸ்போர்ட் ஆபீஸில் பெரிய அதிகாரி தன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர் என்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாரும் இல்லாமலே "குட் மார்னிங்" சொன்னார். அது எடுபடாமல், எனக்கு இருதயம் பலவீனம், ஏமாற்றம் தாங்காது என்றார். மேடம் பாஸ்போர்ட்டை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். சுவர்க் கடிகாரத்தில் எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் வீண் என்று தோன்றியது. நான் அழ ஆரம்பித்தேன்.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் அடியோடு இறங்கிவிட்டது.

"மேடம், நான் இன்ஜினியரிங்ல ஒரே ஒரு பேப்பர் விட்டவன். கணக்குப் பேப்பர். ஹால் டிக்கெட்டை ஆத்துலயே வெச்சுட்டுப் போய்ட்டேன். திரும்பி ஓடிப் போய் எடுத்துண்டு வரச்சே கதவைச் சாத்திட்டா. அப்பறம் நாலு தடவை எழுதிப் பாத்தேன், வரலை. அந்த அரியர் இன்னும் அப்படியேதான் இருக்கு. இவளாவது உள்ள போகட்டும்."

மேடம் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வேற ஒரிஜினல் ஐடி ஏதாவது கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். மாமா நீலக் கோப்பை மேசைமேல் கவிழ்த்தார். அம்மை ஊசி அட்டை மேடத்தின் மடியிலேயே போய் விழுந்தது. ஆதாரையும் பள்ளி அட்டையையும் எடுத்துச் சரிபார்த்து, ஒரு காகிதத்தில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். "ஓடும்மா" என்றார். ஓடினேன்.

பரீட்சையில் ஐந்துக்கு நான்கு வந்தது. நான் அமெரிக்கா போகவில்லை. சென்னையிலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். அந்தக் கிரெடிட்டெல்லாம் இங்கே செல்லாது என்று சொல்லி, அதே கணக்கை முதல் செமஸ்டரில் மறுபடி என்னைப் படிக்க வைத்தார்கள். இந்தக் கோபமே எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த வருடம் டிராயிங் பேப்பரில் எனக்கு ஒரு அரியர் விழுந்தது. அறையைச் சாத்திக்கொண்டு அழுதபோது அம்மா கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்: "மாமாகிட்ட பேசு. அவனுக்குத்தான் அது தெரியும்." மாமாவின் அந்த அரியர் பொய்யில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் பரீட்சை நடந்த அன்றைக்குப் பதினாறு வயதில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இரவு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் மாமாவின் பொய்களை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினேன். மச்சம், ஆபரேஷன், போனில் குட் மார்னிங். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கடைசியில் மாமாவின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அவர் கழற்றியது போலவே கழற்றி, குரலை இறக்கி, "நான் ஒரே ஒரு பேப்பர் விட்டவன் மேடம்" என்றேன். இருந்ததிலேயே இதுதான் பிரமாதமான பொய் என்றும் சொன்னேன்.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டார். அம்மா ரசம் இருக்கும்போதே ரசம் கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். மாமா மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"நன்னா பண்றேடீ. இன்னொரு தரம் பண்ணிக் காட்டு."

நானும் கண்ணாடியைக் கழற்றி, முன்னைவிடத் தழுதழுத்த குரலில், இன்னொரு தரம் பண்ணிக் காட்டினேன்.