ஒரு சேர்க்கை, ஒரு நிபந்தனை

சிறப்புக் கல்வி என்பது, ஒரு குழந்தையை வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பதற்கு ஒன்பது பெரியவர்களிடம் அனுமதி கேட்டு அலையும் தொழில். கரும்பலகையை விட்டு இந்த வேலைக்கு வந்தவர்களும், ஒப்பந்தச் சம்பளத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிக்க நேர்ந்தால், நான் மிகைப்படுத்தவில்லை என்று நீங்களே சாட்சி சொல்வீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் 2007 முதல் ஏழு வருடம் அந்த வேலை பார்த்தேன். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் ஆசிரியர். அதில் பத்தொன்பது வருடம் சங்கப் பொறுப்பாளர். நான் படித்த நூலகம் துண்டறிக்கைகள்தான். எழுதக் கற்றதும் அவற்றில்தான். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.

இருபத்தேழு கையெழுத்து

எதற்காக ஆசிரியர் வேலையை விட்டீர்கள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியைக்கு நியாயமே இல்லாமல் தண்டனை மாறுதல் வந்தது. ஒரே இரவில் மனு எழுதினேன். இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருபத்தாறு பேர், விவரம் தெரியாமல் போட்டுவிட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆசிரியையும் அவர்களில் ஒருவர். மிஞ்சிய கையெழுத்து என்னுடையது.

சிறப்புக் கல்வியில் தபால் வழியாகப் படித்த சான்றிதழ் ஒன்று என்னிடம் இருந்தது. ஒன்றியத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன், கிடைத்தது, ராஜினாமா செய்தேன். போகாதே என்று யாராவது சொல்வார்கள் என எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பத்தொன்பது வருடம் என்னோடு சங்கப் பொருளாளராக இருந்த தாமஸ் மட்டும் பஸ் நிறுத்தம் வரை வந்தார். பஸ் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: “போறது நல்லதுதான் அண்ணாச்சி. நீங்க அங்க இருந்தா தெனமும் ஒங்க மொகத்துல முழிக்கணும், எங்களால முடியாது.”

என் இருக்கை

ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு ஒதுக்கிய அறை உண்மையில் ஒரு கிட்டங்கி. உதவி உபகரணங்களை அங்கேதான் அடுக்கி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பதினான்கு சக்கர நாற்காலிகள். குழந்தைகளுக்கென்று வந்தவை, அத்தனையும் பெரியவர் அளவு. அதனால் கொடுக்கவும் முடியாது, திருப்பி அனுப்ப ஆணையும் இல்லை.

ஆசிரியர் அறையில் எனக்கு எதிரிகளாவது இருந்தார்கள். பேப்பரைப் பிரித்தால் எதிர்வாதம் செய்ய நாலு பேர் வருவார்கள். இங்கே ஒரு பல்லி கூட மறுத்துப் பேசவில்லை. முதல் வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, அலுவலக மேலாளரிடம் போய், உரிமையோடு, கொஞ்சம் சத்தமாகவே, உட்கார ஒரு நாற்காலி கேட்டேன். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

“நாற்காலி இல்லேன்னு மட்டும் சொல்லாதீங்க சார். பதினாலு கெடக்கு.”

கணக்கெடுப்பு

பள்ளிக்கு வராத குழந்தைகளை வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடிப்பது எங்கள் முதல் கடமை. அந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கேள்வியை முடிப்பதற்குள் “இல்லை” வந்துவிடும். தெருமுனைக் கூட்டங்களில் பேசிப் பழகிய தொண்டை எனக்கு. நான் வாசலில் நின்று விசாரித்தால் அடுத்த மூன்று வீட்டுக்கும் கேட்கும். கேட்டதும் அந்த மூன்று வீட்டின் கதவுகளும் சாத்திக்கொள்ளும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

கடற்கரையை ஒட்டிய ஓர் ஊரில், வளைகுடாப் பணத்தில் புதிதாகக் கட்டிய வீடு. விடுமுறைக்கு வந்திருந்த வீட்டுக்காரர் விசிறியால் வீசிக்கொண்டே வெளியே வந்தார். காலையிலிருந்து அந்தப் பகுதியில் கரண்ட் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளை யாரும் தங்கள் வீட்டில் இல்லை என்றார். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள் அறையிலிருந்து ஒரு குழந்தையின் குரல், வார்த்தையாகத் திரளாத குரல், இரண்டு முறை வந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் விசிறியைப் பார்த்தார்.

“அது டி.வி. சாரே.”

ஜெனிஷா

தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு வீட்டுக் கதவு வெளியே கொண்டி போட்டுச் சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாயில் ஒரு பெண் குழந்தை. எட்டு வயது இருக்கும். கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னி விறைத்திருந்தன. மூளை முடக்குவாதம். என்னைப் பார்த்ததும் ஏதோ வெகுநாள் தெரிந்தவனைப் பார்த்ததுபோலச் சிரித்தாள். அந்த மாதம் முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்த முதல் ஆள் அவள். அப்படியே ஜன்னலோரம் நின்றுவிட்டேன்.

மதியம் அவளுடைய அம்மா செல்வமேரி மீன் சுமக்கும் சருவப் பாத்திரத்தோடு வந்தார். துறைமுகத்தில் மீன் எடுத்து வீடு வீடாக விற்பவர். கணவர் குவைத்தில் மீன்பிடி வேலை. பிள்ளைக்குப் பேச்சு வராது, எல்லாம் புரியும் என்றார். நான் நம்பாததைப் பார்த்துவிட்டு, சருவத்தின் அடியில் குழம்புக்கென்று ஒதுக்கியிருந்த மீனை ஒவ்வொன்றாக எடுத்து மகளின் முகத்துக்கு நேரே பிடித்தார். “அயலையா? பாரையா? சாளையா?” சரியான பெயர் வரும்போது ஜெனிஷா கண்ணை இறுக்கி மூடினாள். ஒன்றில் கூடப் பிசகவில்லை. தெருமுனையில்தான் பள்ளிக்கூடம். வரும் ஜூனில் அவள் அங்கே ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள் என்று நான் வாக்குக் கொடுத்தேன். செல்வமேரி என்னை நம்பவில்லை. ஆனால் மகளைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்:

“சாளை எது, நெத்தோலி எதுன்னு தெரியாத டீச்சருமாரு எங்கிட்ட மீன் வாங்குகாவ. இவளுக்குத் தெரியும் சாரே.”

ஆணையும் பதிலும்

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் எனக்குப் பழைய ஆள். எதிர்ச் சங்கம். ஒரு காலத்தில் மேடைக்கு மேடை அவரைக் கிழித்திருக்கிறேன். குழந்தை தானாக உட்கார மாட்டாள், சிறுநீர் கழிக்க ஆள் வேண்டும், விழுந்தால் பதில் சொல்வது யார் என்று அடுக்கினார். எல்லாக் குழந்தைகளையும் சேர்க்க வேண்டும் என்ற அரசாணையை எடுத்து மேசையில் வைத்தேன். அவருக்கு மட்டுமல்ல, பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்படி அதை வாசித்தேன்.

முழுக்க வாசிக்க விட்டார். பிறகு, கோபமே இல்லாமல், என் கண்ணைப் பார்த்து ஒன்று கேட்டார்.

“இந்த ஆணை இன்னைக்கு வந்ததா சாரே? நீங்க வகுப்புல நின்ன இருபத்திரண்டு வருஷத்துல இப்படி எத்தன பிள்ளைய சேத்திய?”

துண்டறிக்கை

தோற்றுப்போன மனிதன் தனக்குத் தெரிந்த ஆயுதத்தைத்தான் எடுப்பான். உட்கார்ந்து எழுதினேன். “பூட்டிய கதவுக்குள் ஒரு பிஞ்சு” என்பது தலைப்பு. தாய் மீன் விற்கப் போகும் ஆறு மணி நேரமும் வெளியே கொண்டி போட்ட வீட்டில், தண்ணீர் கேட்கக்கூட ஆளில்லாமல் கிடக்கும் குழந்தையைப் பற்றி எழுதினேன். அவளைப் படியேற விடாத பள்ளிக்கூடத்தைச் சாடினேன். குழந்தையின் பெயர் போடவில்லை. அந்தத் தெருவில் அப்படி ஒரே குழந்தைதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. மார்த்தாண்டத்தில் ஆயிரம் பிரதி அடித்தேன். முன்பென்றால் விநியோகிக்கப் பத்துப் பேர் வருவார்கள். இப்போது நான் மட்டும். பஸ் நிறுத்தத்தில், துறைமுகத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்கள் கையில் என்று கொடுத்தேன். வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதுதான் மிக நல்ல உரைநடை. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

நாலாவது நாள் அந்த வீட்டுக்குப் போனேன். இந்த முறை கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். செல்வமேரி திறக்காமலே பேசினார். யாரோ குவைத்துக்குப் போன் போட்டு, நோட்டீசை வரி விடாமல் அவர் கணவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தைத்தானே எழுதினேன் என்றேன். உள்ளேயிருந்து பதில் வந்தது:

“ஊருல ஒருத்தரும் பள்ளிக்கூடத்த ஒண்ணும் சொல்லல்ல. பிள்ளைய பூட்டிப் போட்டுட்டுப் போறவன்னு என்னைத்தான் சொல்லுகாவ. சாரு இனி இஞ்ச வராண்டாம்.”

மறுப்பு அறிக்கை

தவறு செய்த இயக்கம் மறுப்பு வெளியிட வேண்டும் என்பது நான் படித்த பாடம். பழி தாய்மீது அல்ல என்று விளக்கி இன்னொன்று எழுதினேன். எழுதிவிட்டுத் தாமஸுக்குப் போன் செய்தேன். யாரிடமாவது வாசித்துக் காட்ட வேண்டும்போல இருந்தது. கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். அது சங்கத்துக்குக் கூட்டமே இருக்காத மாதம் என்று எனக்குத் தெரியும். கருங்கல்லில் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலில், எதிர் நாற்காலி காலியாக இருக்க, எனக்கு நானே இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு அச்சகத்துக்குப் போனேன்.

அச்சகக்காரர் முருகன் என் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து இருபது வருடம் அச்செழுத்துக் கோத்தவர். என் ஒரு கமாவைக்கூட அவர் மாற்றியதில்லை. இந்தத் தாளை வாசித்து முடித்து, நாலாக மடித்து, என் சட்டைப் பையில் திருப்பி வைத்தார்.

“இத அடிச்சா, மொதல்ல அடிச்சத வாசிக்காதவனும் தேடிப் பிடிச்சு வாசிப்பான் அண்ணே. பேசாம வீட்டுக்குப் போங்க.”

வராண்டா

போனேன். அந்த ஏப்ரல், மே மாதங்களில் நான் யாரிடமும் சத்தம் போட்டுப் பேசியதாக நினைவில்லை. தேங்காய்ப்பட்டணம் போக வேண்டியிருந்தால் அந்தத் தெருவைச் சுற்றிப் போவேன். ஜூன் வந்தது. கொடுத்த வாக்கு அப்படியே கிடந்தது.

பள்ளி திறந்த வாரம், அந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் லலிதா ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தவர் என் அறையில் எட்டிப் பார்த்துச் செய்தி சொன்னார். திறந்த அன்று காலையில் செல்வமேரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாராம். மறுகையில் துறைமுகத்து மீன்பெட்டி, நீல நிறப் பிளாஸ்டிக். அதன் முன்பக்கத்தை வெட்டி, உள்ளே பழைய சேலையை மெத்தையாக அடைத்து, சாய்ந்து உட்காருகிற மாதிரி செய்திருந்தாராம். ஒன்றாம் வகுப்பின் வராண்டாவில் அதில் மகளை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். கடைசி மணி வரை. மறுநாளும். மூன்றாம் நாளும். மீன் எடுக்கப் போகவில்லை. கோஷமில்லை, மனு இல்லை. வகுப்பில் டீச்சர் அட்டையில் மீன் படத்தைக் காட்டிக் கேட்கும்போது வராண்டாவில் ஜெனிஷா கண்ணை மூடுவாளாம். அதைப் பார்க்கப் பிள்ளைகள் எல்லாம் வாசல் பக்கமே திரும்பி உட்கார்ந்துவிட்டார்களாம். தலைமையாசிரியர் வெளியே வந்து, இதெல்லாம் என்ன என்று கேட்டிருக்கிறார். செல்வமேரி சொன்ன பதிலை லலிதா அப்படியே ஒப்பித்தார்:

“பிள்ளைய பூட்டிட்டுப் போறது குத்தம்னு நோட்டீசு அடிச்சு ஊர் முழுக்கக் குடுத்தாச்சு. பூட்டாம வேற எங்க சார் கொண்டு இருத்த?”

நிபந்தனை

அதைக் கேட்டு ஒரு நிமிடம் எனக்குப் பெருமை வந்தது. பொய் சொல்லமாட்டேன். அறிக்கை வீண்போகவில்லை என்று அந்தக் கிட்டங்கியின் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை தலைமையாசிரியரே போன் செய்தார். குழந்தையைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டதாகவும், மீன்பெட்டியை முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டிருப்பதாகவும் சொன்னார். வாரம் ஒருமுறை பயிற்சி கொடுக்கச் சிறப்பாசிரியர் ஒருவர் வர வேண்டும், ஆனால் அது நான் கூடாது, பள்ளி வாசலில் நான் ஏறவே கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை என்றார்.

பத்தொன்பது வருடப் பழைய ரத்தம் கொதித்தது. எதிர்ச் சங்கத்தான் புத்தி போகாது என்றேன். ஒரு குழந்தையின் படிப்பை வைத்துப் பழிதீர்க்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். முன்பு போலவே முழுக்கப் பேசவிட்டார். பிறகு, முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார்:

“இது எனக்க நிபந்தனை இல்ல சாரே. பிள்ளைக்க அம்மை சொன்னது.”

அன்றே அந்தப் பள்ளியின் பொறுப்பைப் பக்கத்து ஒன்றியத்துச் சிறப்பாசிரியை ஒருவருக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆக, இருபத்தொன்பது வருடத்தில் நான் வைத்த கோரிக்கைகளில் ஒரு வரி குறையாமல் நிறைவேறியது இந்த ஒன்றுதான், அதற்கு என்னிடம் எதிர்பார்க்கப்பட்டதெல்லாம் நான் அங்கே இல்லாமல் இருப்பது.