சன்னாசி என்ற பெயர்

போடி பஸ் ஸ்டாண்டில் நேற்று ஒரு இளம்பெண், "சன்னாசி, வெரசா வாடா" என்று தன் மகனைக் கூப்பிட்டாள். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். என் தம்பியின் பெயர் அது.

தாத்தாவின் பெயரைத்தான் தம்பிக்கு வைத்திருந்தார்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் அம்மா அவனை "சின்னவரே" என்றுதான் அழைப்பாள். "சின்னவரே, சாப்பிட வாங்க" என்றால், ஆறு வயதுக்காரன் பெரிய மனிதர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவான்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம், ஏலக்காய் எடுக்க நாங்கள் மலைக்குப் போயிருந்தபோது அவனுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. போடிமெட்டு வழியாக ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவன் சட்டையெல்லாம் பச்சை ஏலக்காய் வாசம். டாக்டர் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவன் கண் செருகியது. "சின்னவரே, சின்னவரே" என்று உலுக்கிப் பார்த்த அம்மா, தன்னை மறந்து "சன்னாசி!" என்று அலறிவிட்டாள்.

வாசலில் இருந்த தாத்தா உள்ளே ஓடி வந்தார். அவரைக் கண்டதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூப்பிடுத்தா. இன்னும் சத்தமாக் கூப்பிடு" என்றார் தாத்தா.

அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தம்பி கண் திறக்கவில்லை. சாயங்காலம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு, வாசலில் யாராவது தாத்தாவைப் பெயர் சொல்லி அழைத்தால் அவர் அவசரமாக எழுந்து போவார். "பேரச் சொல்லாதீகப்பா, உள்ள எம் மருமக இருக்கா" என்று மெதுவாகச் சொல்வார்.