பின் இருக்கைத் தரையின் நிறம்

பட்டறையில் அவருக்கு அசல் என்று பெயர். பழைய போர் விமானங்களைப் புதுப்பிக்கும் இடத்தில் வண்ணம் அடிப்பவர். காட்சிக்குத்தானே, பார்க்க அழகாக இருந்தால் போதாதா என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போச்சு, அன்று முழுக்க அர்ச்சனைதான். வீட்டுச் சமையலறைக் கதவிலோ பெயின்ட் உரிந்து தொங்கியது. “பறந்தாத்தான் பெயின்ட் அடிப்பீங்களோ?” என்பாள் மனைவி.

ஈர உப்புத்தாளால் ஓரிடத்தை வட்டமாகத் தேய்ப்பார். ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாக வெளிப்படும். ஆக அடியில் இருப்பதுதான் அசல். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

இருவர் அமரும் அந்த விமானத்தின் பின் இருக்கைக்குக் கீழே, சாம்பல் பூச்சுக்கு அடியில் ஒரு கரும்பழுப்பு கிடைத்தது. எந்தக் குறிப்பிலும் இல்லாத நிறம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்கலாம். சந்தோஷத்தில் அங்கேயே நிறுத்திவிட்டார். கலந்து கலந்து பார்த்து, மயிரிழை பிசகாமல் அதே நிறத்தைக் கொண்டுவந்து தரை முழுக்க அடித்தார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை, போரில் அந்த விமானத்தை ஓட்டிய கிழவர் வந்தார். ஏணியில் ஏறிப் பின் இருக்கையை எட்டிப் பார்த்தவர், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இந்த நிறத்தை யாருங்க உங்களுக்குச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. அடியில இதுதான் இருந்துச்சு.”

“தரை பச்சைங்க. எல்லா விமானத்துலயும் பச்சைதான்.” கிழவருக்கு மூச்சு வாங்கியது. “பின்னாடி துப்பாக்கியில இருந்தவன இறக்குனப்போ சிவப்பா இருந்துச்சு. கழுவ யாருக்கும் மனசு வரல. காஞ்சதும் மேல சாம்பல அடிச்சுப் பறக்க விட்டுட்டாங்க.”

அசல் ஏணியை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

“நாளைக்கு அவன் சம்சாரம் வருது. அந்த சீட்டுல ஒரு தடவை உக்காரணுமாம். ஒரு சொட்டு ரத்தம்கூட வரலம்மா, தூங்குற மாதிரிப் போயிட்டான்னு அன்னிக்குச் சொல்லி வச்சேன். இன்னிக்கு வரைக்கும் அதை நம்பிக்கிட்டிருக்கு” என்றார் கிழவர்.

அவர் போனபின் அசல் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தார். பச்சை தெரிந்தது. மீதியையும் சுரண்டி எடுப்பதுதான் முறை. ஆனால் அந்த ரத்தத் தூள் மூக்கில் ஏறுமே என்று நினைத்ததும் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார். பூசி மெழுகுவது என்றாலே ஆகாதவர், அதன் மேலேயே பச்சையைப் பூசினார். இரண்டு பூச்சு அடித்தும் பழுப்பு மேலேறி வருவது போலவே இருந்தது. மூன்றாவதும் அடித்தார். சுத்தமாக இருந்த கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

மறுநாள் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி இருக்கையில் உட்காரவைத்தார்கள். அவர் பக்கச் சுவரைத் தடவிக்கொடுத்தார்.

“இப்படியேதான் இருந்துச்சா தம்பி, அவர் உக்காந்திருந்தப்போ?”

கேள்வி கிழவருக்கு. அவர் அசலைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆமாம்மா. இதே நிறம்தான்” என்றார் அசல்.

அந்த அம்மா சிரித்தபடி செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்கால்களைத் தரையில் ஊன்றினார். அடித்த மூன்று பூச்சும் முழுதாகக் காய்ந்திருக்குமா என்ற பயம் அசலுக்கு அப்போதுதான் வந்தது.