மூன்றாவது வாயில் புற்றுமண்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சங்கரன்கோவிலில் கார் இன்ஜினின் கம்ப்யூட்டரை லேப்டாப்பில் இணைத்துச் சரிசெய்ய என்னை விட்டால் ஆள் இல்லை என்பதால், என் பேச்சைக் கேட்பதற்கும் ஆள் கிடைக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை கடையநல்லூர்க்காரர் ஒருவர் தன் பழைய காரோடு வந்தார். வளைகுடாவில் வேலை, மறுநாள் காலையில் விமானம். சாதாரண இன்ஜினுக்குக் காற்று போக ஒரு வாய்தான் இருக்கும். இவர் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு வாய் மாட்டியிருந்தார். எல்லாம் அங்கிருந்து பெட்டியில் கொண்டுவந்தவை. இரண்டு லீவாக வண்டி தார்ப்பாய்க்குள்தான் கிடந்ததாம். "ஓடுனா சொல்லுங்க, ஏறுதேன்" என்று வீட்டம்மா சிரித்திருக்கிறார். இன்று சாயங்காலம் அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போயே தீருவது என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

நான்கு வாயும் ஒரே அளவு மூச்சு வாங்க வேண்டும். காற்றை அளக்கும் கருவியை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்துச் சமன் செய்தேன். பிறகு லேப்டாப்பில் பெட்ரோல் அளவுகளைக் கொடுத்தேன். மதியத்துக்குள் இன்ஜின் சமர்த்தாக ஓடியது. அதை அணைத்துவிட்டு அவர் ஜும்மா தொழுகைக்குப் போனார். நான் வெள்ளிக்கிழமை வழக்கப்படி சாம்பிராணி போட்டேன். கோவிலில் பிரசாதமாகக் கொடுக்கும் புற்றுமண்ணைக் குழைத்து கம்ப்ரசர், ஜாக்கி, லேப்டாப் மூடி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அந்த நான்கு வாயும் புதுக்கருக்கு மாறாமல் பளபளத்தன. அவற்றை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை.

அவர் வந்து ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் இரைந்தது, தணிந்தது, மறுபடி இரைந்தது. மூன்றாவது சிலிண்டர்தான் என்று சத்தத்திலேயே கண்டுபிடித்தேன். அதில் ஒரு பெருமை வேறு. மூன்று மணி நேரம் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"சாமான் சரியில்ல வே. வாங்கும்போதே பாத்து வாங்கியிருக்கணும்" என்றேன்.

"காத்த இன்னொரு தடவ அளந்து பாப்பமா அண்ணாச்சி?"

"காலையில அளந்ததுதான. என் கை தப்பாது."

அவர் போனில் மனைவியிடம், "இன்னைக்கு முடியாது போல" என்று மட்டும் சொன்னார். பிறகு சும்மா இருக்க முடியாமல் இன்ஜினை அணைத்து, போன் வெளிச்சத்தை மூன்றாவது வாய்க்குள் அடித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன மண்ணு கிடக்கு."

எட்டிப் பார்த்தேன். காய்ந்த பொட்டிலிருந்து உதிர்ந்த ஒரு பொருக்கு, உள்ளே காற்றை அடைத்துத் திறக்கும் தகட்டை முழுக்க மூட விடாமல் இடுக்கில் உட்கார்ந்திருந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. இன்ஜினுக்குள் ஒரு தூசி போகக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான்.

"நான்தான் வச்சேன். சாமி மண்ணு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். நான்கு வாயையும் துடைத்து, காலையில் சேமித்துவைத்த அளவுகளையே திரும்ப ஏற்றினேன். இன்ஜின் பழையபடி அமைதியாக ஓடியது. என் மூன்று மணி நேர வித்தை குப்பைக்குப் போனது. மணி நாலரை. அவர் போனை எடுத்து, "கிளம்பி நில்லு, வாரேன்" என்றார்.

காரை வெளியே எடுத்தவர் கண்ணாடியை இறக்கினார்.

"அடுத்த லீவுக்கும் உங்ககிட்டதான் வருவேன் அண்ணாச்சி. வெள்ளிக்கிழம மட்டும் வரமாட்டேன்."