செவ்வாயில் பர்மனென்ட்

மகளின் செல்போன் விளையாட்டில் குதிரைக் குளம்பொலி. தொப்பி வைத்த கௌபாய் ஒருவன் இரும்புக் குதிரையேறிச் செவ்வாய்க் கிரகத்தைப் பிடிக்கப் போகிறான். அந்தச் சிவப்பு மண்ணை எனக்குத் தெரியும்.

சின்ன வயதில், நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், நிலக்கரி மைன்ஸில் தோண்டிய மண்ணை மலையாகக் கொட்டியிருப்பார்கள். தூரத்தில் ராட்சத எந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும். அதுதான் எங்கள் ராக்கெட். அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அண்ணன் கௌபாயாக வந்து இறங்குவான். கம்மாபுரம் பக்கமிருந்து என் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த செல்வி, செவ்வாய்வாசி. அவர்கள் நிலம் அப்போதுதான் மைன்ஸுக்குப் போயிருந்தது.

அண்ணன் குச்சித் துப்பாக்கியை நீட்டினான். "இனிமே இது எங்க எடம். எல்லாரும் காலி பண்ணுங்க!"

செவ்வாய்வாசி அலறிக்கொண்டு ஓட வேண்டும். செல்வி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வூட்டுக்கு ஒருத்தருக்கு வேலை குடுப்பீங்களா? பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? அத்தச் சொல்லிட்டுச் சுடுங்க."

எங்கள் கதையில் அதற்கு வசனமே இல்லை. அண்ணன் துப்பாக்கியை இறக்கினான்.

"அப்பாவக் கேட்டுச் சொல்றேன்."

மகளின் திரையில் செவ்வாய்வாசிகள் வரிசையாக விழுகிறார்கள். ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை.

"ஜெயிச்சிட்டேம்மா!" என்கிறாள்.