நாகேசு படலையில் நிறுத்திவிட்டுப் போன பூதம்

புதன்கிழமை பின்னேரம் நாகேசுவின் அண்ணை புத்தூரிலிருந்து மாட்டுவண்டியில் எங்கள் விடுதிக்கு வந்து அவளுடைய றங்குப் பெட்டியைக் கேட்டார். காய்ச்சலென்று வீட்டுக்குப் போன பிள்ளையின் பெட்டி இப்போது எதற்கு என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். இரவுப் பிரார்த்தனையில் விடுதி அம்மா சொன்னார். நெருப்புக் காய்ச்சல், நாகேசு போய்விட்டாள். முதலில் அழுதவள் இராசம்மா.

எல்லாரும் உறங்கிவிட்டார்கள். திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேன் பார்க்கும் வரிசையில் இருந்த உங்களுக்காகத்தான். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை தலை முழுகியபின் வேப்பமரத்தின் கீழ் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக இருந்து, அவரவர் முன்னால் இருப்பவளின் தலையில் பேன் பார்ப்போம். எல்லாருக்கும் பின்னால் நாகேசு. அவள் சொல்லும் மாயக்கதை காதுக்குக் காது முன்னே வரும். அப்படிப்பட்ட கதைகளை விடுதி அம்மா தடுத்திருந்தபடியால் குசுகுசுத்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் முன்னால், விடுதி அம்மா உட்காரும் கதிரைக்குக் கிட்ட, நான்.

"பின்னுக்கு இருந்தால் உன்ரை தலையை ஆரடி பாக்கிறது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ரை பேனும் கதை கேக்கட்டும்" என்றாள்.

வரிசை கலைந்ததும் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போவாள். "சொல்லு, உன்னட்டை ஆர் ஆர் வந்து சேர்ந்தவை?"

முதலில் மூன்று இளவரசிகளை அனுப்பினாள். மூவரும் அழகு, மூவருக்கும் நல்ல மனம். எனக்கு வந்தது ஒருத்திதான்.

"மற்ற ரெண்டு பேரும் எங்கை?"

"எனக்குத் தெரியாது. ஒருத்திதான் வந்தவள்."

கோபிப்பாள் என்று பயந்தேன். அவளோ, "மூண்டு பேருக்கும் ஒரே முகத்தைக் குடுத்தால் ஆர் கண்டுபிடிக்கிறது? பிழை என்னிலைதான்" என்றாள். அடுத்த சனிக்கிழமைக் கதையில் அந்த இருவரைக் கடல் கொண்டுபோயிற்று. பாவம் என்றேன். "ஆரெண்டே தெரியாததுக்கு என்னடி பாவம்?"

பிறகு ஒரு மந்திரவாதி. மலையைத் தூளாக்கினான், கடலைக் குடித்தான், அவனால் முடியாதது ஒன்றுமில்லை. வரிசையின் நடுவிலேயே பேச்சு ஈருக்கும் பேனுக்கும் திரும்பிவிட்டது. என்னிடம் வந்தது, "அவன் வெண்டிட்டான், இளவரசியைக் கொண்டு போயிட்டான்" என்பது மட்டும். கிணற்றடியில் நாகேசு கேட்டாள். "எல்லாம் ஏலுமெண்டால் அவனை நினைச்சு ஆருக்குக் கவலை வரும்?"

அதன்பின்தான் பூதம் வந்தது. மலையைத் தோளில் சுமக்கும் பூதம், ஆனால் அழைக்காத வீட்டுக்குள் கால் வைக்காது. வாசல் படலையில் நின்று, "வீட்டுக்காரர், உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் மழையிலும் அங்கேயே நிற்கும். நீங்கள் ஒவ்வொருவரும் அந்தக் குரலிலேயே சொல்லி அனுப்பினீர்கள். ஒன்றும் குறையாமல் வந்து சேர்ந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"என்ன பிள்ளை, தனிய இருந்து சிரிக்கிறீர்?"

"பேன் கடிச்சது, அம்மா."

"பேன் கடிச்சால் சொறியிறதெல்லோ, சிரிக்கிறதோ?" விடுதி அம்மா எழுந்து வரிசை முழுவதையும் பார்த்தார். "கதை சொல்லுற பிள்ளையைக் கண்டனெண்டால் அண்டைக்கே வீட்டை அனுப்பிப்போடுவன்."

வீட்டுக்கு அனுப்பினால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காங்கேசன்துறையில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒருமுறை போனால் என் படிப்பு முடிந்தது.

நாகேசு கடைசியாகச் சொன்ன இடம் இது. மந்திரவாதி வீட்டுப் படலையில் பூதம் நிற்கிறது. உள்ளே இளவரசி. அவளுடைய குரலை அவன் பறித்துவிட்டான். வா என்று சொல்ல ஆளில்லை. அந்தக் கிழமையே நாகேசுவுக்குக் காய்ச்சல் வந்தது.

இன்று பின்னேரம் இராசம்மா, "நாளைக்கு நான் பின்னுக்கு இருக்கிறன். பூதம் படலையிலை ஒரு உதை விடும், கதை முடிஞ்சுது" என்றாள்.

"அது உதையாது" என்றேன்.

"ஏன், காலிலை முள்ளோ?"

புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக எல்லாரும் சிரித்தீர்கள்.

"உதைச்சால் அது வேறை ஆரோ. நாகேசுவின்ரை பூதம் இல்லை."

"அப்ப நீ பின்னுக்கு இருந்து சொல்லன், பாப்பம். அம்மா பிடிச்சால் அழாதை."

"ஓம்" என்றேன். சொன்ன பிறகுதான் காங்கேசன்துறை நினைவுக்கு வந்தது.

நாளை அந்தப் பூதம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. நாகேசுவுக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. அது என்ன செய்யாது என்பது எனக்குத் தெரியும். உலகத்திலேயே இல்லாத ஒரு பூதத்தை அவ்வளவு நன்றாக எனக்குத் தெரிய வைத்துவிட்டுப் போனாள். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.

இராசம்மா, நாளை எனக்கு முன்னால் நீ இரு. உன் காதில்தான் முதலில் சொல்வேன். மாற்றாமல் அனுப்பு.