சத்தில்லாத மண்

கறிவேப்பிலை விதை போட, லண்டன் செவன் கிங்ஸ் வீட்டுக் குசினியில் தேங்காய்த் தும்புத்தூளும் பேர்லைட் என்ற வெள்ளைக் கல்மணிகளும் கலந்துகொண்டிருந்தேன். வந்திருந்த சொந்தக்காரர்களிடம், "இதிலை சத்து ஒண்டுமில்லை, முளைக்கிறதுக்கு மட்டும்தான்" என்றேன்.

"சத்தில்லாத மண்ணைப் பற்றி இவளுக்குத்தானே தெரியும்" என்றார் மாமி, என் கணவரின் அம்மா. எங்களுக்குப் பிள்ளையில்லை. எல்லோரும் சிரித்தார்கள், என் கணவரும்.

விதைகள் முளைத்தன. கிங்ஸ்பரியில் இருக்கும் மகளுக்கென்று மாமி ஒரு கன்று கேட்டார். நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். இனி உரம் போடவேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு மூன்று மாதத்தில் மாமி, "கன்று மஞ்சளாகிச் செத்துப்போச்சாம். ஏன் பிள்ளை?" என்றார்.

"மண்ணிலை பிழையில்லை மாமி. வச்சிருக்கிற ஆளிலைதான் பிழை."

கணவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் கன்றை நினைத்தால் மட்டும் எனக்கு இன்னும் கவலைதான்.